அறத்துணிவுக்கு யார் சான்று?

தமிழ்நாடு அரசு குடியரசு நாளன்று வழங்கும் விருதுகளில் ஒன்று கோவைக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. அது கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம். 1997 நவம்பர் இறுதியில் நடந்த கலவரமும், 1998 பிப்ரவரி 14 அன்று 58 உயிர்களைப் பறித்த தொடர் குண்டுவெடிப்பும் கோவையை இரண்டாகப் பிளந்து போட்டன. அந்த நகரத்தில் நல்லிணக்கத்துக்காக நின்று உயிரைக் கொடுத்தவர் அமீர். அவர் பெயரில் 2000 ஆம் ஆண்டு இந்தப் பதக்கம் நிறுவப்பட்டது. கால் நூற்றாண்டு ஆகிவிட்ட ஒரு மரபை நன்றியோடு நினைப்பது மட்டும் போதாது. நிறுத்துப் பார்க்கவும் வேண்டும். அரசு தரும் இந்த மதிப்பையும், குடிமக்கள் அமைப்புகள் தரும் மதிப்பையும் அருகருகே வைத்து, குடியாட்சியைக் காக்கும் அறத்துணிவுக்குச் சான்று சொல்லும் தகுதி எதற்கு அதிகம் என்று கேட்பதே இங்கே நோக்கம்.

அளவுகோல்களை முதலிலேயே சொல்லிவிடலாம். முதலாவது, இழப்பு. துணிந்தவர் எதைப் பணயம் வைத்தார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவது, திசை. எதிரணியை எதிர்ப்பதற்குக் கைதட்டல் உடனே கிடைக்கும். தன் சாதியை, மதத்தை, கட்சியை, தனக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தை மறுத்து நிற்பவருக்கு அது கிடைக்காது. மூன்றாவது, பொருள். காக்கப்பட்டது ஒருவரின் சொத்தா, எல்லோருக்கும் உரிய வாக்கு, பேச்சு, சட்டத்தின் முன் சமம் ஆகியவற்றில் ஒன்றா? நான்காவது, முறை. தேர்வு செய்தவர்கள் யார், சொன்ன காரணம் என்ன, அந்தக் காரணம் அடுத்தவருக்கும் பொருந்துமா? ஐந்தாவது, காலம். ஆபத்து இருக்கும்போதே மதிப்பு வந்து சேர்கிறதா, அது தீர்ந்த பின்பா?

இந்த அளவுகோல்கள் சில நல்ல செயல்களையும் வெளியே நிறுத்தும். அதை ஏற்கத்தான் வேண்டும். கோவை மாவட்டத்தில், காரமடைக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் ஏறத்தாழ 3,800 ஏக்கரில் தொழிற்பூங்கா அமைக்கும் திட்டம் 2021 இல் வந்தபோது விவசாயிகள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். அவர்கள் விருப்பமில்லாமல் விளைநிலத்தை எடுக்கமாட்டோம் என்று 2022 இறுதியில் அரசு இறங்கிவந்தது. மக்களாட்சி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். கூட்டு உறுதிக்கும் எடுத்துக்காட்டு. ஆனால் தன் நிலத்தைக் காக்க ஊரோடு சேர்ந்து நிற்பதும், தனக்கு எந்த ஆதாயமும் இல்லாத நீதிக்காக ஊரை எதிர்த்து நிற்பதும் வேறு வேறு வகைகள். இரண்டையும் ஒரே சொல்லால் பாராட்டினால் இரண்டாவது வகை கண்ணில் படாமலே போய்விடும். வெள்ளத்தில் குதித்து உயிர் காத்தவர்களுக்கு அரசு அண்ணா பதக்கம் தருகிறது. உடல் துணிவுக்குத் தனி வகை இருப்பது போலவே அறத்துணிவுக்கும் தனி வகை வேண்டும்.

இனி கோட்டை அமீர் பதக்கம். அதன் முதல் சிறப்பு பெயர்த் தேர்வு. ஆண்டவர்கள், கட்சித் தலைவர்கள் பெயரிலேயே விருதுகள் பெருகிய மாநிலத்தில், கோவையின் ஒரு குடிமகனின் பெயரைப் பதக்கத்துக்கு இட்டது அரிய முடிவு. இரண்டாவது சிறப்பு 2024 ஜனவரி 26 அன்று வெளிப்பட்டது. அவ்வாண்டுப் பதக்கம் செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் ஆல்ட் நியூஸ் தளத்தின் இணை நிறுவனர் முகமது ஜுபைருக்கு வழங்கப்பட்டது. அவர் 2022 ஜூனில் தில்லிக் காவல்துறையால் ஒரு பழைய ட்வீட்டுக்காகக் கைது செய்யப்பட்டு, அடுத்த மாதம் உச்ச நீதிமன்றத்தால் பிணையில் வெளிவந்தவர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரப்பப்பட்டன. அவை வேறிடங்களில் வேறு காரணங்களால் நடந்தவற்றின் பதிவுகள் என்று காட்டியதில் அவர் தளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பொய்யின் விலை என்ன என்பது திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் கோவைப் பட்டறைகளுக்கும் தெரியும். அச்சத்தில் தொழிலாளர்கள் ரயில் ஏறிய நாட்கள் அவை. வழக்குகளைச் சுமந்துகொண்டிருந்த ஒருவருக்கு ஆபத்து விலகுமுன்பே மதிப்பளித்த வகையில், இழப்பு, பொருள், காலம் என்ற மூன்று அளவுகோல்களையும் அந்தத் தேர்வு நிறைவு செய்கிறது.

குறை மற்ற இரண்டில் இருக்கிறது. அதே காணொளிகளைப் பரப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்ட யூடியூபர் மணிஷ் காஷ்யப் மீது, அதே மாநிலத்தில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தடுப்புக்காவலை ரத்து செய்தது. பொய்யைப் பரப்பியவர் வழக்கைச் சந்திக்க வேண்டும் என்பதில் மறுப்பில்லை. விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை உள்ளே வைக்க வழிசெய்யும் சட்டத்தை எடுத்தது வேறு செய்தி. ஒரு கையால் உண்மைக்குப் பதக்கமும் மறு கையால் தடுப்புக்காவல் ஆணையும் தரும் அரசிடம் அறத்தின் ஒருமை இல்லை. உண்மையைக் காத்தவரைப் போற்றியது சரிதான். ஆனால் அந்த உண்மை அரசின் பெயரையும் காத்தது என்பதை மறைத்துப் பேச முடியாது. திசை என்ற அளவுகோலில் அரசு விருதுகளுக்குப் பிறப்பிலேயே ஒரு தடை இருக்கிறது. தன் தவற்றை அம்பலப்படுத்திய ஊழியரை, தன் காவல் நிலையத்தில் நடந்ததைச் சொன்ன சாட்சியை, தானே மேடையேற்றிப் பதக்கம் சூட்டும் அமைப்பாக எந்த அரசும் எளிதில் வளர்வதில்லை. இது ஒரு கட்சியின் குறையன்று. அதிகாரம் வழங்கும் எல்லா மதிப்புகளின் எல்லையும் இதுவே.

நினைவைக் காப்பதிலும் இந்த எல்லை தெரியும். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, மிரட்டல்களைத் தாண்டித் தேர்தலில் நின்று தலைவரானவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று அவரும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர். வாக்குரிமையும் பதவியேற்கும் உரிமையும் காகிதத்திலிருந்து ஊருக்குள் வந்த கணத்தின் விலை அது. அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை அரசு 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவித்தது. ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று மேலவளவில் கூடி அஞ்சலி செலுத்துவதை மக்கள் விடவில்லை. குடியாட்சிக்காக உயிர்விட்டவர்களை யார் நீண்ட நாள் நினைவில் வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

அப்படியானால் குடிமக்கள் அமைப்புகள் தாமாகவே உயர்ந்தவை ஆகிவிடுமா? அவற்றையும் அதே கண்டிப்போடு நோக்க வேண்டும்.

நாடு தழுவிய அமைப்புகளில் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது மக்கள் சிவில் உரிமைக் கழகம். நெருக்கடிநிலையின் நடுவே, 1976 அக்டோபரில், ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்முயற்சியில் பிறந்து 1980 இல் இன்றைய பெயரோடு மறுவடிவம் பெற்றது. அதன் பெருமை மேடைகளில் இல்லை. வழக்குப் பட்டியலில் இருக்கிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு வரம்பிட்ட 1996 தீர்ப்பு, உணவு உரிமைக்காக 2001 இல் தொடங்கிய வழக்கு, வேட்பாளரின் பின்னணியை அறியும் வாக்காளர் உரிமையை உறுதிசெய்த 2003 தீர்ப்பு, வாக்கு எந்திரத்தில் நோட்டாவைக் கொண்டுவந்த 2013 தீர்ப்பு ஆகிய எல்லாவற்றிலும் மனுதாரர் இந்தக் கழகம். மனித உரிமைக்கான இதழியலுக்கு விருது தரும் வழக்கமும் அதற்கு உண்டு. ஆனால் அந்த விருதுக்கு எடை கூட்டுவது இந்த வழக்குகளே. பிறர் துணிவைப் போற்றுபவர் தாமும் அதே களத்தில் நின்றிருந்தால்தான் அந்தச் சான்றை நம்ப முடியும்.

முறையின் ஒருமை கழகத்தின் அடுத்த சிறப்பு. தடுப்புக்காவல் தவறு என்றால் யாரை அடைத்தாலும் தவறு என்பது அதன் நிலை. இந்த நிலைப்பாட்டுக்குக் கூட்டம் சேராது, நன்கொடையும் குறையும். இருந்தும் விடாமல் இருப்பதே ஒரு விருதுக் குழுவுக்கு வேண்டிய முதல் தகுதி. கொங்கின் வடக்கு எல்லையிலும் இதன் விளைவு தெரிந்தது. வீரப்பன் தேடுதலின்போது சத்தியமங்கலம் மலைகளில் சோளகர் பழங்குடி மக்கள் அதிரடிப்படையிடம் பட்ட துன்பத்தை வெளியே கொண்டுவந்தவர்களில் இக்கழகத்தினரும் அடங்குவர். கழகத்தைச் சேர்ந்த ச. பாலமுருகன் 2004 இல் எழுதிய ‘சோளகர் தொட்டி’ நாவல் அந்த வரலாற்றை வாசகர்களிடம் சேர்த்தது. அந்தத் துன்பத்தை விசாரிக்க நீதிபதி சதாசிவா தலைமையிலான குழுவை தேசிய மனித உரிமை ஆணையம் 1999 இல் அமைத்தது. 2007 இல் 89 பேருக்கு இழப்பீடு வழங்கப் பரிந்துரை வந்தது. வந்த நீதி சிறிது. காத்த காலம் நீண்டது. ஆனாலும் மலையில் வாழும் ஒருவர் சீருடையாளருக்கு எதிராகப் பெயர் சொல்லிச் சாட்சி கூறும் நிலை உருவானது. அந்தத் துணிவை உருவாக்கிய பக்கத்துணை எந்தப் பதக்கத்தையும்விடப் பெரிய மதிப்பு.

குறைகளும் கழகத்துக்கு உண்டு. அதன் மொழி பெரும்பாலும் வழக்கறிஞரின், இதழாளரின் மொழி. ஆவணத்தில் கூர்மையும் ஊரில் மெலிவும் அதன் வழக்கமான நிலை. உண்மை அறியும் குழுவின் அறிக்கை வந்துவிடுகிறது. சாட்சி சொன்ன குடும்பம் அடுத்த ஐந்தாண்டுகளை எப்படிக் கடந்தது என்பது பதிவாவதில்லை. சிறிய ஊர்களில் அமைப்பு வேரூன்றாததால், அறத்துணிவு முதலில் வெளிப்படும் ஊராட்சி அலுவலகமும் பள்ளிக்கூடமும் நியாயவிலைக் கடையும் அதன் பார்வைக்குத் தாமதமாகவே வருகின்றன.

எழுத்துரிமைக் களத்தில் கொங்கு நாடே ஒரு சோதனைச் சாலையாக இருந்தது. 2010 இல் வெளிவந்த பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம் எழுந்தது. 2015 ஜனவரி 12 அன்று அதிகாரிகள் நடத்திய அமைதிப் பேச்சில் எழுத்தாளர் வருத்தம் தெரிவித்துப் பின்வாங்க வேண்டியதாயிற்று. தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்ததும் அந்த நாட்களில்தான். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் நீதிமன்றம் சென்றது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சில் எட்டிய உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து அவர் எழுதும் உரிமையை மீட்டது.

இதைத் திறனாய்வுக் கண்ணோடு பார்த்தால் துணிவு எங்கே இருந்தது? கெடுபிடியில் தனியாக மாட்டிய எழுத்தாளரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது இரக்கமற்ற அளவீடு. துணிவு சங்கத்திடம் இருந்தது. தனிமனிதரின் துணிவு தீரும் இடத்தில் ஓர் அமைப்பு அதை ஏற்றுக்கொள்ள முடியும் என்பதை அந்த மனு மெய்ப்பித்தது. சங்கத்தின் சாதனையாக இதைத் தயங்காமல் எழுதலாம். அதோடு ஒரு குறையையும் எழுத வேண்டும். கருத்துச் சார்புள்ள சங்கம் தன் கருத்துக்கு நெருங்கியவரைக் காப்பது இயல்பு. தன் கருத்துக்கு நேர் எதிரான ஒருவர் இதே நெருக்கடியில் சிக்கினால் இதே வேகம் இருக்குமா என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு அதற்கு உண்டு. கொள்கைச் சார்பு குற்றமன்று. சார்பைத் தாண்டிய ஒரு செயலாவது இல்லாமல் நடுநிலைச் சான்று வழங்க முடியாது என்பதுதான் விதி.

இந்த விதியை ஓரளவு நிறுவன வடிவில் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஜான் எஃப். கென்னடி நூலக அறக்கட்டளை. கென்னடியின் 1956 ஆம் ஆண்டு நூலின் பெயரால் 1989 இல் அது நிறுவிய துணிவு விருதின் அளவுகோல் குறுகலானது, அதனாலேயே கூர்மையானது. தன் வாக்காளரையும் தன் கட்சியையும் பகைத்து மனச்சான்றின்படி நடந்த பொதுப்பணியாளருக்கே அது உரியது. 1974 இல் நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கிய ஜெரால்டு ஃபோர்டுக்கு 2001 இல் விருது கிடைத்தது. அந்த மன்னிப்பை அன்று எதிர்த்த எட்வர்டு கென்னடி, தம் எண்ணம் தவறு என்று விருது மேடையிலேயே ஒப்புக்கொண்டார். 2022 இல் குடியாட்சியைக் காத்ததற்காக ஐவர் தேர்வாயினர். உக்ரைன் அதிபர் செலென்ஸ்கியோடு, சொந்தக் கட்சியின் அழுத்தத்தை மீறிய அமெரிக்க அரசியலாளர்கள் ரஸ்டி போவர்சும் லிஸ் சேனியும், ஜார்ஜியா மாநிலத்தில் வாக்கு எண்ணிய ஊழியர் ஷே மாசும் அவர்களில் அடங்குவர். ஒரு நாட்டின் தலைவரும் தேர்தல் பணியாளரும் ஒரே வரிசையில் நின்றது அந்த விருதின் மிகச் சிறந்த தருணம். குறை இல்லாமல் இல்லை. ஃபோர்டுக்குக் கிடைத்த மதிப்பு 27 ஆண்டு தாமதமானது. பதவியில் இருப்போரை நோக்கியே வளைந்த பார்வை, பதவியற்ற குடிமக்களை எளிதில் விட்டுவிடுகிறது. ஆயினும் மாற்று அணியினரை மதிக்கும் வழக்கத்தைப் பெற்றது என்ற வகையில், நம் விருதுகள் அதனிடம் கற்க வேண்டியது நிறைய.

இந்த ஒப்பீட்டோடு கொங்குக்குத் திரும்பினால், மதிப்புப் பெறாத துணிவுகளின் வரிசை நீள்கிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்த கணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார் கௌசல்யா. 2017 டிசம்பரில் கீழமை நீதிமன்றம் அவர் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வழக்கின் முடிவு எதுவாயினும் கூண்டில் ஏறிய துணிவின் மதிப்பு மாறாது. வெற்றியை அளவாகக் கொள்ளும் பாராட்டு இத்தகைய துணிவைக் காணாது. 2017 மார்ச்சில் கோவையில் கொல்லப்பட்ட பாரூக், கடவுள் மறுப்பைத் தன் சமூகத்துக்குள்ளேயே சொன்னவர். மத நல்லிணக்கப் பதக்கத்தின் வரையறைக்குள் அவர் துணிவு அடங்காது. மதத்தை மறுக்கும் மனச்சான்றின் உரிமைக்கு அதில் இடம் வகுக்கப்படவில்லை. 2020 இல் சுல்தான்பேட்டை ஒன்றியம் ஜே.கிருஷ்ணாபுரத்தில், தலைவர் நாற்காலியில் உட்காரச் சாதியின் பெயரால் தடை இருப்பதாகப் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் ஒருவர் புகார் கொடுத்தார். ஓட்டு வாங்கி வென்ற ஒருவர் நாற்காலிக்காகத் தனியாகப் போராடுவது குடியாட்சிக் காப்பு இல்லையென்றால் வேறெதுவும் இல்லை.

காரமடைக்கு அருகிலேயே, மேட்டுப்பாளையம் நடூரில், 2019 டிசம்பர் 2 அன்று சுவர் இடிந்து 17 பேர் இறந்தனர். அந்தச் சுவரின் ஆபத்தைப் பற்றிக் குடியிருந்தோர் முன்பே முறையிட்டிருந்தனர் என்ற செய்தி பின்னர்தான் வெளிவந்தது. மனுக் கொடுத்தவரின் துணிவுக்கு மனுக் கொடுத்த அன்றே பக்கத்தில் நான்கு பேர் நின்றிருக்க வேண்டும். இறப்புக்குப் பின் வரும் மலர்வளையம் அந்தக் கடமையை ஈடுசெய்யாது.

ஏன் நிற்பதில்லை? கொங்குச் சிற்றூர்களில் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. அரிமா, ரோட்டரி சங்கங்கள், நுகர்வோர் அமைப்புகள், வாசகர் வட்டங்கள், விவசாயிகள் சங்கங்கள் எல்லாம் உண்டு. கல்விக்கும் மருத்துவத்துக்கும் நீர்நிலைகளுக்கும் அவை செய்த பணியை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. காரமடை ஒன்றியத்தின் ஓடந்துறை ஊராட்சி, 350 கிலோவாட் காற்றாலையைத் தானே வாங்கி நிறுவும் அளவுக்கு உயர்ந்தது; நிர்வாகத் திறன் இங்கே குறையில்லை. குறை பாராட்டும் பழக்கத்தில் இருக்கிறது. பொன்னாடையும் நினைவுப் பரிசும் பெரும்பாலும் பதவியில் இருப்பவருக்கும் நன்கொடையாளருக்கும் போகின்றன. எவரையும் சங்கடப்படுத்தாத நல்லவரே மேடைக்கு அழைக்கப்படுகிறார். அறத்துணிவோ இயல்பிலேயே யாரோ ஒருவரைச் சங்கடப்படுத்தும். சங்கத்தின் தலைவருக்கும் புகாருக்கு ஆளானவருக்கும் உறவோ தொழில் தொடர்போ இருக்கும் ஊரில், துணிந்தவரைப் பாராட்டுவதற்கே துணிவு வேண்டும்.

ஆகவே தீர்ப்பு இது. கோட்டை அமீர் பதக்கம் பெயரால் உயர்ந்தது. 2024 தேர்வால் தன் பெயருக்குத் தகுந்தது. முறையிலும் ஒருமையிலும் அது குறைபட்டது; அரசை எதிர்த்த துணிவுக்கு அது சான்றாக முடியாது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் முறையிலும் சாதனையிலும் முதலிடத்துக்கு உரியது. ஊர் அளவில் தொடர்ந்து உடனிருப்பதில் பின்தங்கியது. முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் 2016 வெற்றி முழுமையான சாதனை. அதைத் தன் அணிக்கு வெளியிலும் மெய்ப்பிக்கும் கடமை மீதியிருக்கிறது. மொத்தத்தில், அறத்துணிவுக்கு நம்பத்தக்க சான்று குடிமக்கள் அமைப்பிடமிருந்தே வர முடியும். அதற்கான தகுதியை எந்த அமைப்பும் உழைத்துத்தான் பெற வேண்டும்.

அந்த உழைப்பின் விதிகள் கடினமானவை அல்ல. தேர்வுக் குழுவில் கட்சிப் பொறுப்பாளரும் பெரிய நன்கொடையாளரும் இருக்கக் கூடாது. தேர்வுக்கான காரணம் ஒரு பக்கமாவது எழுத்தில் வெளிவர வேண்டும்; அதை ஊரார் மறுத்து எழுதவும் இடம் வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் குழுவினர் தம் கருத்துக்கு மாறான ஒருவரைத் தேர்ந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அது அணியின் விருது, குடியாட்சியின் விருதன்று. பரிசுத் தொகையை விழாவுக்குச் செலவிடாமல் வழக்குச் செலவுக்கும், வேலை இழந்தவரின் வாழ்க்கைக்கும், சாட்சியின் பாதுகாப்புக்கும் ஒதுக்க வேண்டும். விருது பெற்றவரோடு குறைந்தது ஐந்தாண்டுகள் உடன் நிற்பதாக அமைப்பு எழுத்தில் உறுதி தர வேண்டும். இந்த ஐந்தையும் ஏற்கும் ஒரு சிறு குழு காரமடையிலோ, அன்னூரிலோ, திருச்செங்கோட்டிலோ அமைந்தால் அதன் சான்றிதழ் தலைநகரத்துப் பதக்கத்தைவிட எடை கூடியதாக இருக்கும். ஏற்காத அமைப்பு எவ்வளவு பெரிய மேடை போட்டாலும் அது நடத்துவது பாராட்டு விழா மட்டுமே. அதை அறத்துணிவுக்கான மதிப்பு என்று ஏற்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.